கூலி அளக்கும் கருவியும் நம் கடமையும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் நம் சங்கத்தின் கல்விக் குழு சார்பில் ஆற்றப்பட்ட உரை)



வெள்ளி விழா மேடையில் கணினித் திட்டங்களைப் பற்றிப் பேச வந்திருக்கின்றனரே என்று உங்களுள் சிலர் வியக்கக்கூடும். அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் ஓர் ஓட்டுக் கூரையின் கீழ் இரவுப் பாடசாலையாகத் தொடங்கிய இச்சங்கத்தின் விடுதியில் பயின்ற பிள்ளைகள் பலர், இன்று சென்னையிலும் கோவையிலும் பெங்களூரிலும் மென்பொருள் நிறுவனங்களில் பணிபுரிகின்றனர். அயல்நாட்டு அரசுகளும் வங்கிகளும் பிறரிடம் ஒப்படைக்கும் வேலைகளே அவர்களுக்கு வாழ்வளிக்கின்றன. இஃது ஒரு காரணம். மற்றொன்று, நம் சங்கத்தின் உதவித்தொகைப் பதிவேட்டையும் விடுதிக் கணக்கையும் கணினிக்கு மாற்றி, அப்பணியை வெளி நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைக்கலாம் என்னும் முன்மொழிவு பொதுக்குழுவின் முன் நிற்கிறது. அம்முடிவை எடுக்குமுன், உலகில் பெரியோர் செய்து தவறிய இரு முயற்சிகளை எண்ணிப் பார்ப்பது நலம் என்று கருதினோம்.

நம் முன்னோர் களத்துமேட்டில் நின்று கூலி நெல் பெற்றவர்கள். கூலி எவ்வளவு என்பதோடு, எந்த மரக்காலால் அளக்கிறார்கள் என்பதும் அவர்களுக்குப் பெரிய கேள்வியாக இருந்தது. வாங்கும்போது ஒரு மரக்கால், கொடுக்கும்போது மற்றொரு மரக்கால் என்னும் கொடுமையை நம் பாட்டன்மார் நேரில் கண்டவர்கள். இன்று அந்த மரக்கால் கணினிக்குள் போய் அமர்ந்துவிட்டது. கண்ணுக்குத் தெரிந்த மரக்காலில் அடிக்கட்டை வைத்திருந்தால் கவிழ்த்துப் பார்த்துக் கேட்கலாம். கண்ணுக்குத் தெரியாத அளவையில் குறை நேர்ந்தால் யாரைக் கேட்பது? நாம் பேசப்போகும் செய்தி முழுவதும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றியதே.

முதலில் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தை எடுத்துக்கொள்வோம். அம்மாநிலத்தின் அரசு மருத்துவத் துறையில் ஏறத்தாழ 78,000 பேர் பணியாற்றினர். மருத்துவர், செவிலியர், சமையலர், துப்புரவாளர், இரவு முறை பார்ப்போர், சில மணி நேரமே பணிபுரிவோர் எனப் பலதிறத்தினர். இவர்களுக்கு இரு வாரத்திற்கொருமுறை சம்பளம். 200-க்கு மேற்பட்ட படிகள் இருந்தன. கணக்கிடும் முறைகளைச் சேர்த்துப் பார்த்தால் 24,000 வகை வரை விரியும் என்று அம்மாநிலத்தின் தலைமைத் தணிக்கையாளர் எழுதினார். பழைய சம்பளக் கணினி முதுமை எய்திவிட்டது. அதைப் பராமரித்து வந்த நிறுவனமும் இனிக் கைகொடாது என்னும் நிலை. 2007 டிசம்பரில் மாநில அரசின் பல துறைகளுக்கான கணினிப் பணியை ஐ.பி.எம். நிறுவனத்திடம் ஒப்படைக்கும் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. மருத்துவத் துறையின் சம்பள முறையை மாற்ற அந்நிறுவனம் முதலில் குறித்த தொகை ஏறத்தாழ 62 லட்சம் ஆஸ்திரேலிய டாலர். 2008-ஆம் ஆண்டிலேயே முடிந்துவிடும் என்பது எண்ணம்.

முடியவில்லை. என்ன வேண்டும் என்பதைத் துறை தெளிவாக எழுதித் தரவில்லை. எழுதித் தரப்படாததை நிறுவனமும் வற்புறுத்திக் கேட்டறியவில்லை. நாள் தள்ளித் தள்ளிப் போயிற்று. சோதனையில் குறைகள் குவிந்தபோது நடந்த ஒன்றை நம் இளைஞர்கள் மனத்தில் இருத்த வேண்டும். எந்தக் குறை கடுமையானது, எது சிறியது என்னும் வரையறையே தளர்த்தப்பட்டது. குறை அப்படியே இருக்க, அதன் பெயர் மட்டும் சிறிதாயிற்று. பழைய முறையையும் புதிய முறையையும் ஒரே காலத்தில் முழுமையாக ஓட்டி, இரண்டும் ஒரே தொகையைத் தருகின்றனவா என்று ஒப்பிட்டுப் பார்க்கவுமில்லை. பழைய கணினி எந்த நேரமும் வீழ்ந்துவிடும் என்னும் அச்சம் எல்லோரையும் உந்தியது. 2010 மார்ச்சில் புதிய முறை நடைமுறைக்கு வந்தது.

அன்று தொடங்கியது அல்லல். சிலருக்குச் சம்பளம் குறைவாக வந்தது, சிலருக்கு வரவேயில்லை, சிலருக்கு அளவுக்கு மிஞ்சி வந்து, பின்னர் திருப்பிக் கட்டுமாறு கேட்கப்பட்டது. இயந்திரம் செய்யவேண்டிய வேலையைக் கையால் செய்துமுடிக்க 1,000-க்கும் மேற்பட்ட சம்பளப் பணியாளர்கள் தேவைப்பட்டனர். எட்டு ஆண்டுகளில் இதற்காகும் மொத்தச் செலவு 120 கோடி ஆஸ்திரேலிய டாலர் என்று 2012-இல் மதிப்பிடப்பட்டது. முதலில் குறித்த 62 லட்சத்தையும் இந்த 120 கோடியையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பின்னது பல ஆண்டு நடைமுறைச் செலவையும் சேர்த்த கணக்கு என்பது உண்மை. ஆயினும் மலிவாகத் தொடங்கிய வேலை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

2013-இல் நீதியரசர் ரிச்சர்ட் செஸ்டர்மன் தலைமையிலான விசாரணை ஆணையம் தன் அறிக்கையை அளித்தது. குற்றம் ஒருவர் தலையில் மட்டும் விழவில்லை. வேலையை ஒப்படைத்த அரசு, எதை ஒப்படைக்கிறோம் என்று அறியாமலே ஒப்படைத்தது. மேற்பார்வை யாருடையது என்பதே தெளிவின்றிப் பல குழுக்களுக்கிடையே சிதறிக் கிடந்தது. இதற்கெல்லாம் மேலாக, 2010-இலேயே அரசு அந்நிறுவனத்துடன் மற்றோர் உடன்படிக்கை செய்து, இழப்பீடு கோரும் உரிமையை விட்டுக்கொடுத்திருந்தது. பின்னர் வழக்குத் தொடுத்தபோது, அந்த உடன்படிக்கை செல்லும் என்று 2015-இல் நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. நெருக்கடி நேரத்தில் இட்ட ஒரு கையெழுத்து, பின்னால் நியாயம் கேட்கும் வாயை அடைத்துவிட்டது.

நிற்க. இந்த அறிக்கை வெளிவந்த பின்னராவது உலகம் பாடம் கற்றதா? கனடா நாட்டைப் பார்ப்போம்.

கனடாவின் நடுவண் அரசு, நாற்பது ஆண்டுப் பழமையான தன் சம்பள முறையை மாற்ற 2009-இல் முடிவு செய்தது. புதிய முறைக்கு ஃபீனிக்ஸ் என்று பெயர் சூட்டினர். மென்பொருளை உருவாக்க 2011-இல் ஐ.பி.எம். நிறுவனத்துடன் ஒப்பந்தம் ஏற்பட்டது. ஏறத்தாழ 2,90,000 ஊழியர்கள். 101 துறைகளும் அமைப்புகளும். 80,000-க்கும் மேற்பட்ட சம்பள விதிகள். இம்முறை வந்தால் ஆண்டுக்கு 7 கோடி கனடா டாலர் மிச்சமாகும் என்று கணக்கிட்டனர்.

அந்த மிச்சம் எங்கிருந்து வரும்? மனிதர்களை நீக்குவதிலிருந்து வரும். 46 துறைகளில் சம்பளக் கணக்கைப் பார்த்துவந்த 1,200 ஆலோசகர் பணியிடங்கள் நீக்கப்பட்டன. அவர்களுக்கு ஈடாக நியூ பிரன்ஸ்விக் மாநிலத்தின் மிராமிச்சி என்னும் சிறு நகரில் 550 பேர் கொண்ட ஒரே மையம் அமைக்கப்பட்டது. முன்பு ஏறத்தாழ 200 ஊழியரின் கணக்கைப் பார்த்த ஒருவர், இனி 400 பேரின் கணக்கைப் பார்ப்பார் என்று தாளில் எழுதிக்கொண்டனர். தாள் எதையும் தாங்கும், ஆள் தாங்கவேண்டாமா? பல்லாண்டுகளாக அந்தந்தத் துறையின் நுணுக்கங்களை நினைவில் வைத்திருந்தவர்கள் போனதும், அந்த அறிவும் அவர்களோடு போய்விட்டது.

மென்பொருளை உருவாக்க ஒதுக்கிய தொகை 15.5 கோடி டாலர். 27.4 கோடி ஆகும் என்று நிறுவனம் 2012-இல் கூறிற்று. ஒப்படைத்தவரிடம் உண்மைச் செலவை முன்கூட்டியே அந்நிறுவனம் சொல்லிவிட்டது என்பதைக் கவனியுங்கள். அப்போது நேர்மையான வழிகள் இரண்டே. கூடுதல் பணம் கேட்டிருக்கலாம். அல்லது திட்டத்தை நிறுத்தி மறுபடி எண்ணியிருக்கலாம். திட்ட அதிகாரிகள் மூன்றாவது வழியை மேற்கொண்டனர். பணத்திற்கேற்ப வேலையைக் குறைத்தனர். நூற்றுக்கு மேற்பட்ட செயற்பாடுகள் நீக்கப்பட்டன அல்லது ஒத்திப்போடப்பட்டன. முன்தேதியிட்டு நிலுவை வழங்கும் கணக்கும் அவற்றுள் ஒன்று. ஒரு துறையில் மட்டும் நடத்திப் பார்க்கவிருந்த வெள்ளோட்டம் 2015-இல் கைவிடப்பட்டது. திட்டம் ஆயத்தமா என்று ஆராய வெளியாரை அமர்த்தியபோது, எவரைக் கேட்பது, எதைக் கேட்பது என்பதைத் திட்ட அதிகாரிகளே வகுத்துக் கொடுத்தனர். பல துறைகள் கவலை தெரிவித்தன. ஆயினும் 2016 பிப்ரவரியில் 34 துறைகளுக்கும், ஏப்ரலில் எஞ்சியவற்றுக்கும் புதிய முறை வந்துவிட்டது.

ஒன்றரை ஆண்டு கழிந்தபோது, 1,50,000-க்கும் மேற்பட்ட ஊழியரின் சம்பளச் சிக்கல்கள் தீராமல் நின்றன. குறைவாகக் கொடுத்ததும் கூடுதலாகக் கொடுத்ததும் சேர்த்து, பிழைத்த தொகை 50 கோடி டாலரைத் தாண்டியது. இது திட்ட மேலாண்மையிலும் மேற்பார்வையிலும் விளங்கிக்கொள்ளவே இயலாத தோல்வி என்று தலைமைத் தணிக்கையாளர் மைக்கேல் ஃபெர்குசன் 2018-இல் நாடாளுமன்றத்தில் வைத்த அறிக்கையில் கண்டித்தார். அதற்கு முந்தைய ஆண்டின் அறிக்கையிலேயே குயின்ஸ்லாந்தின் கதையை அவர் எடுத்துக் காட்டியிருந்தார். பாடநூல் அலமாரியில் இருந்தது, எடுத்துப் படிப்பாரில்லை. கல்விச் சங்கத்தாராகிய நமக்கு இதைவிட வருத்தம் தரும் செய்தி வேறுண்டோ?

அன்பர்களே, இவ்விரு கதைகளிலும் யார் அதிகம் துன்புற்றனர் என்று கேளுங்கள். ஒரே இடத்தில், ஒரே வேலையில், மாறாத சம்பளம் பெற்றவரின் கணக்கு எளியது. முறைமாற்றி வேலை பார்த்தவர், மிகை நேரம் உழைத்தவர், தற்காலிகப் பணியாளர், பேறுகால விடுப்பில் சென்ற பெண், பதவி மாறியவர் ஆகியோரின் கணக்கே சிக்கலானது. அவர்களிடமே பிழை அடுக்கடுக்காக நேர்ந்தது. கையிருப்பு இல்லாதவருக்கு ஒரு சம்பள நாள் தவறினால் என்ன ஆகும் என்பதை நம் இல்லங்களில் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. வாடகை நிற்கும், வட்டிக்காரர் வாயிலில் நிற்பார், பிள்ளையின் படிப்பு நிற்கும்.

மேலாண்மை நூல்கள் தொடர்புடையோர் என்றொரு பட்டியல் எழுதச் சொல்கின்றன. அப்பட்டியலில் அமைச்சர் வருவார், செயலர் வருவார், நிறுவனத்தின் மேலாளர் வருவார். இரவு முறை பார்க்கும் துப்புரவாளர் கடைசியில் வருவார். சில வேளை வரவே மாட்டார். பட்டியலைத் தலைகீழாக எழுத வேண்டும் என்பது எங்கள் கருத்து. பிழை நேர்ந்தால் யாருக்கு முதலில் அடுப்பு எரியாதோ, அவர் பெயரே பட்டியலின் தலையில் இருத்தல் வேண்டும். அவருடைய கணக்கைச் சரியாகப் போடும் கருவி, ஏனையோர் கணக்கையும் சரியாகவே போடும்.

ஒப்படைப்பு என்னும் சொல்லை நாம் மறுபக்கத்திலிருந்தும் அறிவோம். ஊராட்சியிலும் மருத்துவமனையிலும் நகராட்சியிலும் துப்புரவு வேலை ஒப்பந்தக்காரரிடம் விடப்பட்டபோது, அந்த ஒப்பந்தத்தின் கீழ் துடைப்பம் பிடித்தவர்கள் நம் மக்களே. கூலி நின்றால் அலுவலகம் ஒப்பந்தக்காரரைக் காட்டும். ஒப்பந்தக்காரர் அலுவலகத்தைக் காட்டுவார். இந்தப் பந்தாட்டத்தை அறிந்தே, 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் ஒரு நெறியை வகுத்தது. ஒப்பந்தக்காரர் கூலி தரத் தவறினால், முதன்மை வேலையளிப்போரே தந்து, பின்னர் அதை ஒப்பந்தக்காரரிடமிருந்து பெற்றுக்கொள்ள வேண்டும் என்பதே அது. வேலையைப் பிறரிடம் விடலாம். பொறுப்பைப் பிறரிடம் விட இயலாது. கணினி வேலைக்கும் இதுவே அடிப்படை நெறி என்று நாங்கள் துணிந்து கூறுகிறோம்.

இனி நம் வீட்டுக் கதைக்கு வருவோம். நம் சங்க அலுவலகத்தில் தொடக்க நாள் முதல் கணக்கு எழுதிவரும் பெரியவரை நீங்கள் அறிவீர்கள். அவரிடம் நீண்டதொரு பேரேடும், அதன் ஓரங்களில் பென்சிலால் எழுதிய குறிப்புகளும் உண்டு. சாதிச் சான்றிதழில் ஒரு தலைப்பெழுத்தும், வங்கிப் புத்தகத்தில் வேறொரு தலைப்பெழுத்தும் உள்ள மாணவி எவள், தந்தை மறைந்து தாயின் பெயரில் கணக்குத் தொடங்கிய மாணவன் எவன், செங்கல் சூளைக்குப் பெற்றோர் சென்றுவிட்டதால் கையொப்பத்திற்கு எந்தத் திங்களில் வருவர் என்பனவெல்லாம் அந்த ஓரக் குறிப்புகளில் உள்ளன. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவியின் உதவித்தொகை எழுத்து வேறுபாட்டினால் திரும்பிப் போயிற்று. அந்தப் பென்சில் குறிப்பைக் கொண்டே பிழையைக் கண்டுபிடித்தோம். இடைப்பட்ட மாதங்களில் அப்பெண் படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குச் செல்ல ஆயத்தமாகிவிட்டாள். அவளுடைய தாயார் அலுவலகத் திண்ணையில் வந்து அமர்ந்து, எதுவும் கேட்காமல் மாலைவரை இருந்துவிட்டுச் சென்ற நாளை நாங்கள் மறக்கவில்லை. புதிய மென்பொருளை எழுதப்போகிறவர் பேரேட்டின் கட்டங்களைப் பார்ப்பார்; ஓரங்களைப் பார்ப்பாரா? கனடாவின் 1,200 பேரோடு போனது இந்த ஓரக் குறிப்பே.

ஆகையால் பொதுக்குழுவின் முன் கீழ்க்காணும் வேண்டுகோள்களை வைக்கிறோம்.

முதலாவது: ஒப்பந்தம் எழுதுமுன் நமக்கு என்ன வேண்டும் என்பதை நாமே தமிழில் எழுதுவோம். கணக்கரும் விடுதிக் காப்பாளரும் மாணவர் இருவரும் பெற்றோர் இருவரும் அமர்ந்து எழுதட்டும். பேரேட்டின் ஓரக் குறிப்பு ஒவ்வொன்றும் அதில் இடம்பெறட்டும்.

இரண்டாவது: குறைந்த விலை என்பதற்காக மட்டும் எவரையும் தேர்ந்துகொள்ள வேண்டா. ஏன் குறைவு, எதை விட்டுவிட்டுக் குறைவு என்று கேட்போம். பணம் போதாவிட்டால் கணினியை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைப்போம். வேலையை அரைகுறையாக வெட்ட வேண்டா.

மூன்றாவது: தரவு நம்முடையது என்பதை ஒப்பந்தத்தில் எழுதுவோம். நம் பிள்ளைகளின் சாதி, வருமானம், வங்கி எண் அனைத்தும் அதில் இருக்கும். அவற்றை வேறெவருக்கும் தரலாகாது என்றும், ஒப்பந்தம் முடிந்தால் முழுமையாகத் திருப்பித் தரவேண்டும் என்றும் எழுதுவோம். நிறுவனம் தன் வேலையை மற்றொருவரிடம் விடுவதானால் நம் இசைவு வேண்டும்.

நான்காவது: ஒரு கல்வியாண்டு முழுவதும் பேரேடும் கணினியும் இணைந்தே நடக்கட்டும். இரண்டும் ஒரே விடை தருமளவும் பேரேட்டை மூட வேண்டா. கடினமான கணக்குகளையே முதலில் சோதிப்போம்.

ஐந்தாவது: நிறுத்தும் உரிமை யாருக்கு என்பதை இப்போதே பெயர் குறித்து முடிவு செய்வோம். ஆயத்தமில்லை என்று அவர் சொன்னால், விழா நாள் குறித்துவிட்டோம் என்பதற்காக எவரும் மீறலாகாது.

ஆறாவது: கணக்கர் ஓய்வு பெறுமுன் இளைஞர் இருவர் அவரிடம் அமர்ந்து பயிலட்டும். கணினி வந்த பின்னும் ஓர் மேசையும் அங்கே ஒரு மனிதரும் இருக்க வேண்டும். திண்ணையில் வந்து அமரும் தாய்க்குத் திரையைக் காட்டி அனுப்பக்கூடாது.

இறுதியாக, மென்பொருள் நிறுவனங்களில் பணிபுரியும் நம் இளைஞர்களுக்கு ஒரு சொல். உங்களுள் பலர் சோதனைப் பிரிவில் இருக்கிறீர்கள். கடல் கடந்த ஏதோ ஓர் ஊரின் சம்பளப் பட்டியல் உங்கள் திரையில் வெறும் எண்களாக ஓடும். நாள் நெருங்கும்போது, இந்தக் குறையைச் சிறியது என்று மாற்றி எழுதிவிடு என்று மேலிருப்பவர் சொல்லக்கூடும். முதல் தலைமுறையாக நாற்காலியில் அமர்ந்தவருக்கு மறுத்துச் சொல்வது எளிதன்று என்பதை நாங்கள் அறிவோம். வேலை போனால் ஊரில் ஒரு குடும்பமே தளரும். எனவே வீரம் பேசி உங்களை மாட்டிவிட நாங்கள் விரும்பவில்லை. கண்டதைக் கண்டபடி, தேதியிட்டு, எழுத்தில் பதிந்து வையுங்கள். தனித்து நில்லாமல் உடன் பணிபுரிவோரைக் கூட்டிக்கொண்டு பேசுங்கள். அந்த எண்ணுக்குப் பின்னால் இரவு முறை முடித்து வீடு திரும்பும் ஒரு துப்புரவுத் தொழிலாளி இருக்கிறார். அவர் பேசும் மொழி வேறு, நிறம் வேறு. ஆயினும் மரக்காலைப் பார்த்து நிற்கும் அந்தக் கண்கள் நம் பாட்டியின் கண்களே.

அன்று மரக்காலைப் பிடித்திருந்த கை வேறெவருடையதோ. இன்று அளவையைச் செய்யும் கைகளுள் நம் பிள்ளைகளின் கைகளும் உள்ளன. அவை நேராக அளக்குமானால், இந்த இருபத்தைந்து ஆண்டு உழைப்பு வீண்போகவில்லை என்று இம்மன்றத்தின் மூத்தோர் மனநிறைவு கொள்ளலாம்.